டிரெய்லருக்குக் கழுத்து வைத்தது

எங்கள் மலையில் எந்த ரோட்டில் போனாலும் ஒரு பக்கம் மண்சுவரும் மறுபக்கம் பள்ளமும் கூடவே வரும். மற்ற டிரைவர்கள் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்கள். நான் பள்ளத்தைப் பார்த்து ஓட்டினேன். "ஓட்டறதெங்க, ஜீப்பக் கையப் புடிச்சு நடத்திக் கூட்டிக்கிட்டு வர்றீங்க" என்பாள் என் மனைவி.

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் லாரி கிளீனராகச் சேர்ந்து அங்கேயே டிரைவரானேன். அவர்கள் கழித்துப் போட்ட ஜீப்பையும் அதன் பின்னால் இழுக்கும் சின்ன டிரெய்லரையும் பிறகு நானே வாங்கிக்கொண்டேன். எண்பதுகளின் நடுப்பகுதி. மாரமங்கலத்தில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மண்பாதையில் உள்ளே போனால் எங்கள் ஊர். அங்கிருந்து ஆரஞ்சு, பலா, காப்பி மூட்டை என்று எது விளைகிறதோ அதை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக் கடைவீதியான ஒண்டிக்கடைக்குப் போவதும், அங்கிருந்து ஓடு, சிமெண்ட், மண்ணெண்ணெய் கொண்டு வருவதும் என் பிழைப்பு.

அந்த டிரெய்லர் என்னை ஒருமுறை பயமுறுத்திவிட்டது. பலாக்காய் ஏற்றி வரும்போது அதன் ஒரு சக்கரம் பாதையோரக் கல்லில் ஏறியது. டிரெய்லர் சாய்ந்தது. அது சாய்ந்தால் அதோடு போகட்டும் என்று விட வேண்டியதுதானே? விடவில்லை. ஜீப்பையும் சேர்த்துச் சாய்த்தது. ஜீப்பின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி வெறும் காற்றில் சுற்றுவதை, கண்ணாடியில் பார்க்கத் தைரியம் இல்லாமல், காதால் கேட்டேன். பலாக்காய்கள் ஒவ்வொன்றாக உருண்டு காப்பித் தோட்டத்துக்குள் போனதால் பாரம் குறைந்து, எல்லாம் தொப்பென்று பழைய நிலைக்கு வந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து சோறு தின்னும்போதுகூட ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று வீட்டில் கேலி செய்தார்கள்.

இந்த நிலையில்தான் என் மனைவி மாவரைக்கும் மில்லு வைக்கப் போவதாகச் சொன்னாள்.

ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டது. ஆனாலும் பெண்கள் ராகியைத் தலையில் சுமந்து மாரமங்கலம் போய் அரைத்து வந்துகொண்டிருந்தார்கள். அங்கே கரண்ட் இல்லாத நாளில் போன சுமை அப்படியே திரும்பி வரும். ஒருநாள் மழையில் மாவு மூட்டை நனைந்து களியாகவே வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், "இனி நான் சொமக்கறதில்லீங்க, மில்லு இங்க வரட்டும்" என்றாள். வீட்டை ஒட்டி ஓர் அறை எழுப்பி, சிமெண்ட் மேடை கட்டி, மில்லை முடுக்க வேண்டிய போல்ட்டுகளை மேடையில் நட்டுவைத்து, வெயில் படாமல் ஈரச்சாக்கு போட்டு மூடினாள். கோழி முட்டையில் சேர்த்தது, மிளகில் சேர்த்தது, தாலிக்கொடி ஒன்றைத் தவிர மற்ற நகை, எல்லாம் அந்த மில்லுக்குள் போய்விட்டது.

சேலத்திலிருந்து லாரியில் ஒண்டிக்கடைக்கு வந்து இறங்கிய அந்த மில்லைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். அடி குறுகல், தலை பெரிசு. எல்லாம் வார்ப்பு இரும்பு. கீழே விழுந்தால் மண்சட்டி மாதிரி விரிசல் விடும். விட்டால் வெல்டிங் பிடிக்காது. இன்னொன்று வாங்க எங்களிடம் எதுவும் மிச்சமில்லை. இந்தத் தலைக்கனத்தை என் டிரெய்லரில் ஏற்றி, பலாக்காய் உருண்ட அதே பாதையில் கொண்டுபோக வேண்டும். தூக்கிப் போகலாம் என்றால் பாதி வழியில் தோள் கழன்றுவிடும் கனம்.

லாரி ஆபீஸில் சொல்லி மில்லை அங்கேயே கொஞ்ச நாள் இருக்கவிட்டேன். அப்புறம் தினமும் ஒண்டிக்கடைக்கு வருவேன், மில்லைப் பார்ப்பேன், பெருமூச்சு விடுவேன், பக்கத்தில் பாயின் கடைக்குப் போவேன்.

பாய்க்கு என் வயதுதான். பழைய இரும்புக் கடையும் அதை ஒட்டி ஒரு வெல்டிங் பட்டறையும் வைத்திருந்தார். ஜீப்பு வாங்கிய நாளிலிருந்து என்னை ஓனர் என்றுதான் கூப்பிடுவார்.

"வாங்க ஓனரே. மில்லு சௌக்கியமா?"

"சௌக்கியமா இருக்குதுங்க பாய். நாந்தான் இல்லீங்க."

அவர் கடைக்குப் பின்னால், சேலத்துக் கார் ஒன்றை உடைத்த சாமான்கள் குவிந்து கிடந்தன. அதில் முன்சக்கரம் மாட்டுகிற ஹப்பு ஒன்று, மட்டமாகப் படுத்துக் கிடந்தது. டயரும் இல்லை, டிரம்மும் இல்லை. வெறும் வட்டத் தகடும் அதன் நடுவே அச்சும். பாயின் கோழி ஒன்று அதன் மேல் ஏறியது. ஏறியதும் வட்டம் மெதுவாகத் திரும்பியது. கோழி பயந்து எதிர்ப்பக்கம் ஓர் அடி வைத்தது. வட்டம் இன்னும் திரும்பியது. கோழி நடக்க நடக்க வட்டம் சுற்ற, அது இருந்த இடத்திலேயே நடந்துகொண்டிருந்தது. கடைசியில் கத்திக்கொண்டு குதித்து ஓடியது. பாயும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எனக்குச் சிரிப்பு முதலில் நின்றது. கோழி மேலே என்ன ஆட்டம் போட்டாலும் கீழே மண்ணில் புதைந்திருந்த அச்சு அசையவே இல்லை.

"பாய், இந்த அச்ச இப்படி நட்டுக்குத்தலா இல்லாம படுக்க வெச்சு ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் நடுவுல மாட்டுனா?"

"மாட்டுனா?"

"டிரெய்லரு கோழிங்க. ஜீப்பு மண்ணுங்க."

அவர் குனிந்து ஹப்பைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "ஓனரே, பயந்தவனுக்குத்தான் புத்தி வரும்னு எங்கம்மா சொல்லும். சரியாத்தான் சொல்லியிருக்குது."

விஷயம் இதுதான். டிரெய்லரின் முன்னால் நீளும் கம்பியை நாங்கள் மாட்டு வண்டிப் பழக்கத்தில் ஏர்க்கால் என்போம். அதை ஜீப்பில் மாட்டியிருந்தது இரண்டு தகடும் நடுவில் ஒரு பின்னும். திருப்பத்தில் இடவலமாக அது வளைந்து கொடுக்கும். மேட்டில் ஏறினால் மேலும் கீழும் கொஞ்சம் கொடுக்கும். ஆனால் படுத்திருப்பவன் புரண்டு படுப்பது போல ஒரு அசைவு இருக்கிறதே, அதற்கு வழியே இல்லை. டிரெய்லர் புரண்டால் ஜீப்பும் புரண்டாக வேண்டும். கழுத்து இல்லாத மனிதனைப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவானே, அப்படி.

ஆக, கழுத்து வைக்க வேண்டும். ஏர்க்காலை நடுவில் அறுத்தோம். அறுக்கும்போது, வாங்கின வண்டியை இப்படி இரண்டு துண்டாக்குகிறோமே என்று நான் நிறுத்தி நிறுத்தி அறுக்க, பாய் ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டார். டிரெய்லர்ப் பக்கத்து நுனியில் ஒரு கனத்த தகடு. அதில் ஹப்பின் வட்டத்தைச் சக்கர போல்ட்டுகளாலேயே முடுக்கினோம். அச்சின் அடிப்பாகத்தை ஜீப்பின் பக்கம் வரும் துண்டோடு வெல்டிங் வைக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் உள்ளே இருக்கும் பேரிங் கெட்டுவிடும் என்பதால் முதலில் பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி ஒரு துணியில் முடிந்து வைத்தோம். பற்றவைத்து முடித்துப் பார்த்தால், அச்சு தலையைச் சாய்த்து எங்களை வேடிக்கை பார்ப்பது போல ஒரு பக்கம் கோணியிருந்தது.

"இருக்கட்டும் வுடுங்க, சுத்துனாச் சரி" என்றார் பாய்.

"இல்லீங்க பாய், கோணலாச் சுத்துனா ஒரு பக்கமாத் தேயுங்க. தேஞ்சா ஆடும். ஆடுனா..."

"ஆடுனா மில்லு வுழும், மில்லு வுழுந்தா ஊட்டம்மா ஊட்ட வுட்டு வெரட்டும், நீங்க இங்க எங்கடைத் திண்டுல வந்து படுப்பீங்க. தெரியுது, தெரியுது." அறுத்துப் போட்டு, நூல் பிடித்து, மறுபடி பற்றவைத்தார். இம்முறை நேராக வந்தது. பேரிங்கை உள்ளே விட்டு, கிரீஸைக் கையால் அப்பி, நட்டை முடுக்கி, நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே காட்டர் பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் மடக்கினார். அதற்கு மேலும் எனக்காக, ஒருவேளை எல்லாம் விட்டாலும் டிரெய்லர் ஓடிப் போகாமல் இருக்க ஒரு சங்கிலியைத் தொளதொளப்பாக மாட்டினார்.

அப்புறம் காலி டிரெய்லரின் ஓர் ஓரத்தில் ஏறி நின்று குதித்தார். மறு சக்கரத்தை நான் ஜாக்கி வைத்து உயர்த்தினேன். டிரெய்லர் எவ்வளவு சாய்ந்தும் ஜீப்பு, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல நின்றது. ஒண்டிக்கடையில் டீ குடிக்க வந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் கிரீஸ் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மில்லை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கழுத்து திரும்புவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பாயும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். மாரமங்கலம் வரை தார் ரோடு. எந்தக் குறையும் இல்லாமல் வந்துவிட்டோம். மண்பாதை தொடங்குகிற இடத்தில் ஊரே வந்து நின்றது. முன்னால் என் மனைவி, அவள் பக்கத்தில் தோளில் கயிற்றுச் சுருளோடு என் மச்சான், அவளுடைய அண்ணன்.

எங்கள் மலையில் பொதுக் காரியமாக ஏதாவது சுமை வந்தால் வீட்டுக்கு ஒரு கயிறு கொண்டு வந்து கட்டுவார்கள். கயிற்றில் கோல் ஒன்றைக் கோத்து முறுக்கினால் கட்டு கல் மாதிரி இறுகும். ஒருவர் போட்ட முடிச்சை அவரேதான் அவிழ்க்க வேண்டும். வேறு யாராவது கை வைத்தால், கட்டினவனை நம்பவில்லை என்று அர்த்தம். அதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு.

ஆளுக்கொரு கயிறாக மில்லை டிரெய்லரோடு சேர்த்துக் கட்டினார்கள். பாய் டீக்கடைக்குப் போயிருந்தார். மச்சான் வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

"மாப்ளே, இதென்னங்க இங்க லொடலொடன்னு திரும்புது?"

"அது திரும்பணுங்க மச்சான். அதுக்குத்தான் வெச்சிருக்குது."

"திரும்பணுமா? இவ்வளவு கனத்த வெச்சுக்கிட்டு நடுவுல ஒண்ணு ஆடிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்குது? இரும்ப நம்பாதீங்க, கயித்த நம்புங்க."

அவர் சொன்ன விதத்தில் எனக்கு நட்டு கழல்வது, காட்டர் பின் உடைவது, ஹப்பு உருவிக்கொண்டு வருவது எல்லாம் கண்முன் வந்து போயின. ஒரு கட்டு கூட இருந்தால் என்ன குறைந்துவிடும்? அவர் ஹப்பின் இரண்டு பக்கத்து ஏர்க்கால் துண்டுகளையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டி, கோலைக் கோத்து முறுக்க, கயிற்றின் மறுமுனையை இழுத்துப் பிடித்ததே நான்தான். சேறு படாமல் இருக்க மேலே ஒரு சாக்கையும் சுற்றினார். அவ்வளவு நிம்மதியாக இருந்தது எனக்கு.

பாய் வந்து ஏறினார். ஊரார் முன்னும் பின்னும் நடந்து வர, முதல் கியரிலேயே ஊர்ந்தோம். பாதை நடுவே பாதியும் ஓரத்தில் பாதியுமாகக் கிடக்கிற சாய்ந்த பாறை வந்தது. ஜீப்பு தாண்டிவிட்டது. டிரெய்லர் ஜீப்பைவிட ஒரு சாண் அகலம். அதன் இடது சக்கரம் பாறையின் உச்சியில் ஏறியது. டிரெய்லர் வலப்பக்கம், காப்பித் தோட்டத்துப் பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது. உடனே என் இருக்கையும் சாய்ந்தது. எனக்குத் தெரிந்த சத்தம் காதில் விழுந்தது. பின்சக்கரம் காற்றில் சுற்றுகிறது.

பிரேக்கை மிதித்தேன். "கல்லு! கல்லு வெய்யுங்க!" என்று நான் கத்துவதற்குள் சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்துவிட்டார்கள். பெண்கள் நாலைந்து பேர் மேட்டுப்பக்கம் டிரெய்லரைப் பிடித்துத் தொங்கினார்கள். மில்லு தன் பெரிய தலையைப் பள்ளத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. என் மனைவி அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

பாய் இறங்கிப் பின்னால் போனார். "இதெப்படிங்க தூக்கும்? கழுத்துத் திரும்பியிருக்கணுமே!" சாக்கை விலக்கினார். உள்ளே மச்சானின் கட்டு. பாய் என்னைப் பார்த்தார். நான் பாறையைப் பார்த்தேன்.

"ஓனரே, கழுத்து வெச்சுக் குடுத்தா அதுக்குச் சுருக்கு மாட்டிப் போட்டீங்களே!" கத்தியை எடுத்தார்.

"யாருங்க என் கட்டுல கத்தி வெக்கறது?" என்று மச்சான் முன்னால் வந்தார். "அது ஒண்ணுதான் இப்பப் புடிச்சுக்கிட்டிருக்குது. அவுத்தா மில்லு தோட்டத்துல கெடக்கும்."

"அண்ணே, அது புடிக்கறதாலதான் ஜீப்பு தூக்குது."

"வெல்டிங் வெக்கறவருக்கு வெல்டிங் தெரியும். கட்டப் பத்தி எங்களுக்குத் தெரியுங்க."

தொங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க சாமி, நாங்க தொங்கிக்கிட்டே இருக்கறோம்" என்றாள்.

பாய் கத்தியை மடக்கி உள்ளே வைத்தார். மச்சானுக்குப் பின்னால் போய் நின்று அவருடைய இரண்டு தோளையும் இறுக்கிப் பிடித்தார். "அண்ணே, நீங்க ஜீப்பு. நான் டிரெய்லரு. இது உங்க கட்டு. பாத்துக்கங்க." சொல்லிக்கொண்டே வலப்பக்கம் சாய்ந்தார். மச்சான் கால் பதிக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு பேருமாகக் காப்பிச் செடி மேல் விழுந்தார்கள்.

"அண்ணே, ஜீப்பு வுழுந்துருச்சு, எந்திரிங்க" என்றாள் என் மனைவி, மில்லில் இருந்து கையை எடுக்காமலே. ஊர் சிரித்ததில் தொங்கியவர்கள் பிடி நழுவப் பார்த்தது.

பாய் எழுந்து மறுபடி அவருக்குப் பின்னால் நின்றார். இம்முறை மச்சானின் துண்டு நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பாய் விழுந்தார். மச்சான் நின்றார். நின்ற இடத்தில் நின்றுகொண்டே தன் இரண்டு காலையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"அண்ணே," என்றாள் என் மனைவி. இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. "இது போச்சுன்னா நான் மறுபடியும் மாரமங்கலத்துக்குச் சொமக்கணும். உங்க கையால கட்டுனீங்க. உங்க கையாலயே அவுத்துக் குடுங்க."

மச்சான் மண்ணைத் தட்டிவிட்டு ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் நடுவே குந்தினார். "யாரும் கிட்ட வராதீங்க, நாந்தான் கட்டுனேன்" என்று சொல்லிவிட்டுக் கோலைப் பிடித்து ஒரு சுற்று தளர்த்தினார். கயிறு முனகியது. இன்னொரு சுற்று. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். திடீரென்று என் இருக்கை தாழ்ந்தது. பின்சக்கரம் மண்ணில் உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தால் டிரெய்லர் சாய்ந்தபடியே இருந்தது. நடுவில் ஹப்பு திரும்பி, போல்ட்டுகள் கடிகார முள் மாதிரி இடம் மாறியிருந்தன. ஜீப்பு மட்டும் நேராக நின்றது.

"எடுங்க ஓனரே! இப்ப எடுங்க!"

எடுத்தேன். பெண்கள் மேட்டுப்பக்கம் தொங்க, மச்சான் பள்ளத்துப் பக்கம் மில்லுக்குத் தோள் கொடுத்து நடக்க, டிரெய்லர் பாறையை விட்டு இறங்கியது. இறங்கியதும் ஹப்பு தானாகவே திரும்பி நேரானது. அதற்கப்புறம் வழியில் வந்த ஒவ்வொரு கல்லுக்கும் டிரெய்லர் இப்படியும் அப்படியும் தலையாட்டிக்கொண்டே வந்தது. மச்சான் கூடவே குனிந்து நடந்தார். "திரும்புது, திரும்புது" என்று ஊராருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார், தானே செய்து மாட்டியது போல.

மேடையில் நட்டிருந்த போல்ட்டுகள் மில்லின் ஓட்டைக்குள் பிசகாமல் இறங்கின. கரண்ட்டுக்காரர் வந்து கம்பி இழுத்துக் கொடுத்த அன்று, வீட்டு வாசலில் ராகிக் கூடைகள் வரிசையாகக் காத்திருந்தன. என் மனைவி சுவிட்சில் கை வைத்தாள்.

"கொஞ்சம் இரு புள்ள, பெல்ட்ட இன்னொருக்காப் பாத்துடறேன்" என்றேன்.

"பாத்துட்டீங்க."

"மேடை அதிருமோ என்னமோ..."

"ஏனுங்க, கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க. நீங்க மொறச்சுப் பாத்துக்கிட்டிருந்தா மிசினுக்கே நடுக்கம் வந்துரும்."

வெளியே வந்து பெண்களோடு நின்றேன். உள்ளே சுவிட்சு விழுந்தது. முதலில் ஒரு முனகல், பிறகு பெல்ட் பிடிக்கும் சத்தம், பிறகு மில்லு முழுக் குரலில் பாட ஆரம்பித்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன், நடுக்கம் இருந்தது, ஆனால் சீராக இருந்தது. கொஞ்ச நேரத்தில் என் மனைவி, முடியிலும் புருவத்திலும் மாவு படிந்தவளாக வாசலுக்கு வந்தாள். கை நிறைய மாவை எடுத்து வந்து என் உள்ளங்கையில் கொட்டினாள். சூடாக இருந்தது.

"நொம்ப நைசா வந்திருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, "அடுத்தது ஆருது?" என்று வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.